வால் குட்டை என்று சொன்னேன்

நவம்பர் 26, புதன்

குளிர். வறண்ட காற்று, உதடு வெடிப்பு. டல்லாஸிலிருந்து இந்தப் பாலைவனப் பூங்காவுக்கு நாள் முழுக்கக் கார். முதுகு போயிற்று.

நாளை அப்பாவின் திதி என்று போன மாதமே குமாரிடம் சொல்லிவிட்டேன். பெற்ற மகன், ஆனால் அவனுக்கு லீவு இப்போதுதானாம். "அங்கயே கும்பிட்டுக்கலாம்ப்பா." பாலைவனத்தில்! திதியைப் பற்றி இனி அவனிடம் பேச்சில்லை.

ஆனாலும் வந்தேன். காரணம் இங்கத்துக் காட்டுப்பூனைகள். நூலகப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தவன் நான், யாரும் சொல்லித் தரவில்லை. பாப்கேட்: வால் குட்டை, கன்னத்தில் கிருதா மாதிரி முடி. மலைச்சிங்கம்: ஒரே பழுப்பு, வால் தரையைத் தொடும் நீளம், நுனி கறுப்பு. தடத்தில் நகம் பதியவில்லை என்றால் பூனை ஜாதி. மருமகள் நித்யா எதைப் பார்த்தாலும் போனில் படம் பிடித்து ஆப்பைக் கேட்கிறாள். ஆப்புக்கு என்ன தெரியும்.

பூங்கா நுழைவாயிலில் வனக்காவல் ரேஞ்சர் பெண் சொன்னது: சாப்பாடு எதுவும் வெளியே வைக்கக் கூடாது, பறவைக்கும் கூடாது. குமார் தலையாட்டினான். நான் ஆட்டவில்லை.

நவ. 27, வியாழன்

நல்ல வெயில். குமாரும் நித்யாவும் மலைப்பக்கம் நடக்கப் போய்விட்டார்கள். என் மனைவி சரோஜா கேபினிலேயே குக்கர் வைத்தாள். சாதம், பருப்பு, வாழைக்காய். வடை வீட்டிலிருந்தே சுட்டு வந்தது, அது ஒரு குறை.

"ஏனுங்க, வெளிய வைக்கக் கூடாதுன்னாங்களே."

"எங்கப்பனுக்குச் சோறு வைக்க இவங்கள கேக்கணுமா?"

பின்பக்கப் பாறையில் வைத்தேன். இங்கே காகம் பெரிது, தொண்டை கட்டிய குரல். இரண்டு வந்து உட்கார்ந்து பார்த்தன, இறங்கவில்லை. பசி. மதியம் தாண்டி ஒன்று வடையைத் தூக்கியது. அதன் பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். குக்கரில் மிஞ்சியதையும் பாறையிலேயே கொட்டினேன். அதற்குத் தேவையே இல்லை. வீம்பு.

பக்கத்து கேபினில் ஆஸ்டினிலிருந்து வந்த ஒரு குடும்பம். யாழ்ப்பாணத்துக்காரர்கள். சுகன்யா, கணவர், நாலு வயது மாயா. குழந்தைக்குத் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷில். திங்கள்வரை இருப்பார்களாம். நான் பூனை எக்ஸ்பர்ட் என்று நித்யா சொல்லி வைத்திருக்கிறாள். கேலியா, பெருமையா, தெரியவில்லை.

மாத்திரை போட மறந்தேன்.

நவ. 28, வெள்ளி

விடியற்காலை. மற்றவர்கள் தூக்கம். பின் ஜன்னலில் நான்.

பாறையில் ஹவலினா மூன்று. காட்டுப்பன்றி மாதிரி, சிறிசு. சாதத்தைத் தின்றுகொண்டிருந்தன. சப்பாத்திக்கள்ளிக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று, வயிறு தரையோடு தரையாக. பிறகு பாய்ச்சல், அலறல், புழுதி. இரண்டு தப்பி ஓடின. ஒன்றை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. வால் தரையைத் தொட்டது. நுனி கறுப்பு.

முப்பது வருஷமாகப் படத்தில் பார்த்தது. சரோஜாவைக்கூட எழுப்பவில்லை.

வெளியே போய் முதலில் செய்தது: ஒட்டியிருந்த சாதத்தைச் செருப்பால் மண்ணில் தேய்த்தேன். பக்கத்தில் தடம், என் உள்ளங்கை அகலம். அதற்குள் நித்யா வந்துவிட்டாள்.

"மாமா, இது ரொம்ப பெருசா இருக்கே. மவுன்டன் லயனா இருக்குமோ?"

"ஈர மண்ணுல தடம் பெருசாத்தான் தெரியும்மா. பாப்கேட்."

மண் ஈரமே இல்லை. அவள் போன் எடுக்க உள்ளே போனாள். தடத்தையும் அழித்தேன்.

அலறல் கேட்டுச் சுகன்யா ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். ரேஞ்சர் பெண் வந்தார். பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார். பாப்கேட், வால் குட்டை, தூரமாகப் போய்விட்டது என்றேன். இங்கிலீஷ் தடுமாறவில்லை. சிங்கம் என்றால் சுற்றிலும் தேடுவார்கள், சோற்றைப் பார்ப்பார்கள், குமார் முன்னால் தலை குனிய வேண்டும். அந்தப் பெண் நம்பி, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

சுகன்யா: "அங்கிள், பூனை மாதிரித்தானே? பிள்ளைய வெளிய விடலாமோ?"

"விடலாம்மா. அது மனுஷங்களக் கண்டா ஓடிரும்."

மாயா மாலை முழுக்க எங்கள் பாறையில். "கிட்டி, கிட்டி" என்று புதரைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "தாத்தாவுக்குப் புது சிநேகிதி" என்று நித்யா சிரித்தாள். காபி ஆறிப்போயிற்று.

நவ. 29, சனி

மேகம். இன்று கிளம்ப வேண்டும். பை கட்டும் முன் புதர்ப்பக்கம் போனேன். பாதி தின்ற ஹவலினா, மேலே சருகும் மண்ணும் இழுத்து மூடி. புத்தகத்தில் படித்ததுதான். மிச்சத்தைத் தின்னத் திரும்பி வரும். பாறைக்கும் அதற்கும் நடுவே மாயாவின் ஒற்றைச் செருப்பு.

செருப்பைச் சுகன்யாவிடம் கொடுத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். "அது சிங்கம்மா. நான் பொய் சொன்னேன்." அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

குமார்தான் ஆபீஸுக்குக் காரில் கூட்டிப்போனான். வழியில் சோற்றையும் சொன்னேன். "ஏம்ப்பா" என்றான், அவ்வளவுதான்.

ரேஞ்சர் பெண்ணிடம் எல்லாம் சொன்னேன். சோறு, தடம், வால். கேபின்களைக் காலி செய்யச் சொல்லிப் போனில் பேசினார். எனக்கு அபராதம் வருமாம், வரட்டும். சிங்கத்தை என்ன செய்வீர்கள் என்றேன். முதலில் விரட்டிப் பார்ப்பார்களாம். மனிதர் வைத்த தீனியைத் தேடி வீட்டோரம் வரப் பழகியது என்றால், உயிரோடு வைத்திருக்க மாட்டார்களாம்.

இந்தப் பக்கம் சிங்கம் ஒன்றுக்கு மேல் உண்டு, தவறான ஒன்றைப் பிடிக்கக் கூடாது, அடையாளம் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்திருந்தேன். நேற்று இதில்கூட எழுதவில்லை, எனக்கென்று வைத்திருந்தேன். குமார் என்னையே பார்த்தான்.

இடது காது நுனி கிழிசல். வலது தோளில் பழைய தழும்பு. பெண் என்று நினைக்கிறேன், வயிறு தொங்கியிருந்தது.

ஒன்று விடாமல் சொன்னேன்.