நாலு கயிறு

ஜூன் 4

அன்புள்ள மகளுக்கு,

நீ சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதை அம்மா மூலம் அறிந்தேன். என்னிடம் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பெரிய கல்லூரியிலிருந்து உனக்கு வந்த மறுப்புக் கடிதத்தை முழுமையாக ஆய்வு செய்தேன். ஒரே பக்கம். தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. கையெழுத்தை அச்சடித்திருக்கிறார்கள். "வருந்துகிறோம்" என்கிறார்கள், வருந்துகிறவர் யார் என்று பெயர் இல்லை. இப்படி ஒரு காகிதம் என் மேசைக்கு வந்தால் அன்றே திருப்பி அனுப்புவேன். எனவே திருப்பி அனுப்பிவிட்டேன். பிழைகளைச் சிவப்பு மையில் சுட்டி, சரியான முடிவைப் பத்து நாளுக்குள் தெரிவிக்கும்படி கேட்டிருக்கிறேன்.

அதுவரை நீ வேறு கல்லூரி எதையும் தேட வேண்டாம். அவர்கள் திருந்தாவிட்டால் ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி தேர்வு எழுது. கட்டடக்கலை படித்தால் அங்கேதான் படிக்க வேண்டும். இருபத்து மூன்று வருடமாக லிஃப்ட் ஆய்வாளராக இருக்கிறேன். பழுதான ஒன்றை "சரி, மூணாவது மாடி வரைக்குமாவது ஓடட்டும்" என்று ஒரு நாளும் விட்டதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பெயருக்குக் கீழே அலுவலக முத்திரை விழுந்துவிட்டது. கைப்பழக்கம். பொருட்படுத்தாதே.


ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

"அன்புள்ள" என்பது கைப்பழக்கம். பொருட்படுத்தாதீர்கள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், நான் "அப்பா" என்று ஆரம்பித்ததும் நீங்கள் "முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பிப்பீர்கள். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது. இது முடியும் வரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரிய கல்லூரி கிடைக்காது என்று எனக்குத் தேர்வு எழுதிய அன்றே தெரியும். அழுதேன், முடிந்தது. மற்ற மூன்று கல்லூரிகளும் ஏன் ஒரு வரி பதில்கூடப் போடவில்லை என்பதுதான் புரியவில்லை. மூன்று மாதம் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் வரைந்து அனுப்பிய படங்கள் பதிலுக்குக்கூட லாயக்கில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நீங்கள் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "தபால் வந்துதா?" என்று ஒரு தடவை கேட்டீர்கள்கூட.

நேற்று அந்த மூன்றில் ஒன்றான ஆற்றங்கரைக் கல்லூரிக்குப் போன் செய்தேன். தாமதமாகவாவது சேர முடியுமா என்று கேட்கத்தான். அலுவலகத்து அம்மா என் விண்ணப்ப எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, நாங்க இடம் குடுத்தோம், நீங்கதானே வேணாம்னு எழுதுனீங்க?"

"நானா?"

"உங்க அப்பா கையெழுத்து. முத்திரையெல்லாம் இருக்கே. லிஃப்ட் ஆபீஸ் முத்திரை எதுக்குன்னு நாங்களே யோசிச்சோம்."

வாசித்தும் காட்டினார். "என் மகளுக்கு இதைவிடத் தகுதியான இடம் உறுதியாகியுள்ளதால் தங்கள் இடம் தேவைப்படவில்லை." மார்ச் பதினொன்று. பெரிய கல்லூரியின் நுழைவுத் தேர்வே ஏப்ரலில்தான் அப்பா.

அடுத்த இரண்டுக்கும் போன் போட்டேன். அதே வாசகம், அதே முத்திரை. விண்ணப்பங்களில் இருக்கும் விலாசம் உங்கள் அலுவலகமாம். "நானே தபால்ல சேர்த்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனீர்களே, அது எதற்கென்று இப்போது தெரிகிறது. இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றில் மட்டும் காத்திருப்போர் பட்டியலில் அறுபத்திரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வதாக அன்போடு சொன்னார்கள்.

என்னை ஒரு கல்லூரி வேண்டாம் என்றது. மூன்று கல்லூரிகளை என் சார்பில் நீங்கள் வேண்டாம் என்றீர்கள். கணக்குப் பார்த்தால் யார் அதிகம் நிராகரித்தது?

இப்படிக்கு,
உங்கள் மகள்


ஜூன் 13

மகளுக்கு,

உன் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. தகவல்கள் சரியாக இருக்கின்றன.

ஆம், எழுதினேன். ஒளித்துச் செய்ததாக நினைக்காதே. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன், சமயம் வரவில்லை. இரண்டாவது இடம் கையில் இருந்தால் நீ முழு மூச்சாகப் படிக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் பொம்மை வீடு ஒட்டிக்கொண்டிருந்தவள் நீ. உன் மேல் நம்பிக்கை இல்லாத அப்பன் நாலு இடத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்வான். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதை நீ துரோகம் என்று படிக்கிறாய்.

வீட்டில் நிலைமை சொல்லும்படி இல்லை. உன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டீ வருகிறது, பேச்சு வருவதில்லை. நேற்று குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்றேன். "வேணாம்னு ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க, நின்னுடும்" என்றாள்.

ஒரு வருடம்தானே. வீட்டுக்கு வா.

அப்பா


ஜூன் 16

அப்பா,

எனக்கு ஏழு வயது. அந்த ஏழு மாடி ஜவுளிக்கடை லிஃப்டில் ஏற மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரை படியேறி, இயந்திர அறையைத் திறந்து காட்டினீர்கள். "பாரு கண்ணு, நாலு கயிறு இருக்கு. ஒவ்வொண்ணும் தனியாவே மொத்தப் பாரத்தையும் தாங்கும். அப்புறம் எதுக்கு நாலு? ஒண்ணு அறுந்தா விழக் கூடாதில்ல, அதுக்கு." அன்றைக்கு அதில் ஒரு கயிற்றில் நாலைந்து இழை பிரிந்திருந்தது. மூன்று நல்ல கயிறு இருந்தும் லிஃப்டை நிறுத்திச் சீல் வைத்தீர்கள். முதலாளி கத்தினார். பதினோரு நாள் அந்த ஊரே புடவை வாங்கப் படியேறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

என் கயிறுகளில் ஓர் இழைகூடப் பிரியவில்லை அப்பா. மூன்றையும் நீங்களே அறுத்துவிட்டு, ஒன்றில் என்னைத் தொங்கவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தீர்கள். ஜவுளிக்கடைக்காரர் இப்படிச் செய்திருந்தால் அவரை நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா?

பொம்மை வீடு ஒட்டியதைச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்ட பெண் வேறு எதை ஒட்டியிருக்க வேண்டும்?

வீட்டுக்கு வரமாட்டேன். ஒரு வருடம் சும்மா இருக்கவும் மாட்டேன். இன்னும் கதவு திறந்திருக்கும் இடங்களைச் சித்தியோடு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஒன்று கட்டட வரைபடப் படிப்பு, மூன்று வருடம். நன்றாகப் படித்தால் பிறகு கட்டடக்கலையில் சேர்த்துக்கொள்வார்கள். வரைபலகைகள் பழையவை, ஆனால் சாயங்காலம் ஏழு மணி வரை பிள்ளைகள் எழுந்து போகவில்லை. இன்னொரு இடத்தில் கட்டடப் பொறியியல். ஆய்வுக்கூடம் தகரக் கொட்டகை. அங்கே சிமெண்ட் கலந்துகொண்டிருந்தவர்தான் முதல்வர் என்று அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது. மூன்றாவதில் வரவேற்பறை மிகவும் அழகாக இருந்தது, வகுப்பறையைக் காட்ட மறுத்துவிட்டார்கள். அதை விட்டுவிட்டேன்.

மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தை நிரப்பிவிட்டேன். எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் நாலு மாதம் இருப்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மா போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். எங்கே கையெழுத்துப் போட்டு அறுத்தீர்களோ, அங்கே உங்கள் கையெழுத்துத்தான் வேண்டும்.

படிவத்தை மடித்துப் பின் அடித்திருக்கிறேன். கையெழுத்து இடம் மட்டும் வெளியே தெரியும். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று நீங்கள் பார்க்கக் கூடாது. பார்த்தால் போன் போடுவீர்கள், சிவப்பு மை எடுப்பீர்கள். கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வீர்களே, தெரியும். இதில் போட வேண்டும். கடைசி நாள் இருபத்தைந்து.

போடாவிட்டால் பட்டியலில் அறுபத்திரண்டாவது ஆளாக நின்றுகொள்கிறேன். உங்களுக்கு மட்டும் பிறகு எந்தக் கடிதமும் எழுத மாட்டேன்.

உங்கள் மகள்


ஜூன் 19

அன்புள்ள மகளுக்கு,

பெரிய கல்லூரி பதில் போட்டுவிட்டது. தேதியைத் திருத்தியிருக்கிறார்கள். முடிவைத் திருத்தவில்லை.

படிவம் இதனுடன் இருக்கிறது. பின்னைப் பிரிக்கவில்லை. ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், காகிதம் தடிமன், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை பிடிக்கவில்லை.

இருபத்து மூன்று வருடத்தில் நான் பார்க்காமல் போட்ட முதல் கையெழுத்து இது. முத்திரை குத்தவில்லை. அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை உன் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் என்பது ஆய்வில் இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரரை என்ன செய்திருப்பேன் என்று கேட்டிருந்தாய். சீல் வைத்திருப்பேன்.

நீ போகிற இடத்தில் எத்தனை மாடி என்று எனக்குத் தெரியாது. லிஃப்ட் இருந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் சான்றிதழில் தேதியைப் பார். தாண்டியிருந்தால் படியில் போ.

கீழே இருப்பது என் கையெழுத்தாகவே இருந்தாலும், பார்த்துவிட்டு ஏறு.

அப்பா