அந்தோனியாரின் காலடியில் ஒன்பது நாள்

என்ரை அம்மாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டதம்மா. உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அதே கிழமை, தம்பி அன்ரனை விடச்சொல்லி நாங்கள் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். சிறைக்குள்ளே பத்திரிகை போவதில்லை, அதனால் அவன் வாசிக்கமாட்டான். எங்கள் பள்ளிமுனை ஊர்ச் சனம் வாசிக்கட்டும். ஆனால் ஒருத்தரும் போய் அவனிடம் சொல்லக்கூடாது.

படகு இன்ஜின் திருத்திக்கொண்டிருந்தவனை எண்ணெய்க் கையோடு பொலிஸ்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். குற்றம் எதையும் சொல்லவில்லை, தடுப்புக்காவல் கட்டளை என்று ஒரு கடதாசியைத்தான் காட்டினார்கள். "என்னை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று அவன் மேலிடத்துக்கு முறையீடு எழுதினான். ஏழு மாதம் மூச்சில்லை. பிறகு ஒரு வரி வந்தது: நிராகரிக்கப்பட்டது.

அந்த ஏழு மாதம்தான் எங்களுக்குப் பிடி என்றா எங்கள் லோயர் மிஸ். "அடைச்சு வைச்சிருக்கிற ஆளின்ரை முறையீட்டை உடனே பாக்கவேணும். இவ்வளவு சுணக்கினதே பிழை, அதைச் சொல்லியே ஆளை வெளியில எடுக்கலாம். ஆனா அந்தப் பதில் வந்து ஒரு மாசத்துக்குள்ள வழக்குப் போடவேணும், விளங்குதோ?" என்றா. அன்ரன் கையெழுத்து வைத்த கடதாசிகள் எங்கள் கைக்கு வந்தபோது இன்னும் ஆறு நாள் இருந்தது. எனக்கு நண்டுக் கம்பனியில் லீவு தரவில்லை. "நான் தபால் கந்தோருக்குப் போறன், நீ வேலைக்குப் போ" என்று நீங்கள்தான் லோயருக்குப் போகவேண்டிய கடித உறையை வாங்கிக்கொண்டீர்கள்.

லோயர் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தா. "அனுப்பியாச்சு மிஸ்" என்று நானும் அடித்துச் சொன்னேன். தபால்தான் சுணங்குகிறது என்று நினைத்துத் திட்டித் தீர்த்தேன்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தீர்கள். "பிள்ளை, இப்பதான் போட்டிட்டு வாறன். ஒன்பது நாள் நவநாள் செபமும் முடிஞ்சுது. இனி ஒண்டுக்கும் பயப்பிடாத."

அந்தோனியார் சிலைக்குக் கீழே, விரித்திருந்த துணிக்கடியில் அந்த உறையை வைத்திருந்தீர்கள், ஒன்பது நாளும். எங்கள் வீடுகளில் எந்தக் கடதாசி முதலில் அங்கே போகவில்லை? படகு லைசன்ஸ், பாஸ்போர்ட், என்னுடைய சோதனை அனுமதி அட்டை, எல்லாம் அங்கே இருந்துதானே புறப்பட்டன. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐயோ அம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? நானாவது அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கக்கூடாதா?

ஐந்து நாள் பிந்தித்தான் வழக்குப் போட்டோம். அதை எடுத்து விசாரிக்கிறோம் என்று நீதிமன்றம் சொன்ன நாள், "பாத்தியே, அவர் கைவிடேல்லை" என்று மெழுகுதிரி கொளுத்தினீர்கள். அந்த நம்பிக்கையோடேயே கண்ணை மூடினீர்கள்.

அரச தரப்பு எழும்பி அந்த ஐந்து நாளைத்தான் பிடித்தது. அவர்களின் ஏழு மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிந்தி வந்த மனு, அவ்வளவுதான், முடிந்தது. அவர்கள் ஏழு மாதம் கிடப்பில் போட்டால் அது கந்தோர் வேலை, நாங்கள் ஐந்து நாள் பிந்தினால் குற்றமா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

போன கிழமை அன்ரனைப் பார்க்கப் போனேன். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தான்.

"அக்கா, ஆறு நாள் இருந்ததுதானே. ஏன் பிந்தினது?"

"நான்தான்ரா மறந்துபோனன். கம்பனிப் பையுக்குள்ளயே கிடந்தது."

தலையைக் குனிந்துகொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தான்.

"அம்மா எனக்காக நவநாள் சொன்னவவே?"

"ஓம். ஒன்பது நாளும் விடேல்லை."

"அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றான். அவன் கண் கலங்கியது. நான் பஸ்ஸில் மன்னார் வரும்வரைக்கும் அழுதேன்.

இந்த ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை கடதாசி சிலைக்குக் கீழே கிடக்கிறதோ? தாய்மாரே, கும்பிடுங்கோ, ஆனால் தபாலில் போட்டுவிட்டு வந்து கும்பிடுங்கோ.

நான் புதிதாக ஒரு முறையீடு அனுப்பியிருக்கிறேன். எழுதிய அன்றே பதிவுத் தபாலில் போட்டேன். பதில் வர இந்தமுறை எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கை இல்லையம்மா.

கோபத்தில் அந்தோனியாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நீங்கள் இருந்தால் என் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பீர்கள். அன்ரன் இந்த வாசலுக்குள் கால் வைக்கிற அன்றைக்கு அவரை நானே திருப்பி வைத்து மெழுகுதிரி கொளுத்துவேன். அந்த ஒன்பது நாளை மட்டும் அவனுக்கு ஒருநாளும் சொல்லமாட்டேன். மறந்தது நான்தான்.

உங்கடை மூத்தவள்,
அன்ரனின் அக்கா ரெஜி