உன் முந்தானை லவங்கம்

அக்கா,

இன்றைக்கு ஓட்டலில் குஸ்கா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடியில் ஒட்டிய சோற்றைச் சுரண்டும்போது ஒரு லவங்கம் கையில் தட்டுப்பட்டது. அலசி வாயில் போட்டுக் கடித்தேன். அந்தக் காரம் நாக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் குந்தியிருக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

உளுந்தூர்பேட்டையில் எந்நேரமும் ஜனம். லாரிக்காரர்கள், பஸ் மாறுகிறவர்கள், சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. முதலில் அதுவே நல்லது என்று நினைத்தேன். இப்போது யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது. நீ போன பிறகு என்னை ‘அடியே’ என்று கூப்பிட ஆளில்லை.

நான் அஞ்சாவது வரைதான் போனேன், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். உனக்கு அதுவும் தெரியாது. இருந்தாலும் உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

சின்னசேலம் பக்கத்து மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்தோமே, அங்கேதான் நீ எனக்குப் பழக்கம். வெள்ளிமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டுக் கீழே வந்தவள் நீ. எப்போதும் ஒரு கன்னத்தில் லவங்கத்தை அடக்கியிருப்பாய்.

“இன்னாக்கா, கல்யாண வூட்டு பிரியாணி மாதிரி மணக்குற?” என்பேன்.

“பல்லு வலிடி. நீ இன்னா பல்லு டாக்டரா, கேக்க வந்துட்டா” என்று கிழங்குத் தோலை என் மேல் எறிவாய்.

என் கதை உனக்குத் தெரியும். எனக்கு முதன்முதலாகச் சாராயம் ஊற்றிக் கொடுத்தது என் வீட்டுக்காரன்தான். இடுப்பில் உதைத்துவிட்டு, நான் முனகுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று டம்ளரை நீட்டினான். “குடி, வலி தெரியாது” என்றான். நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. பிறகு அடி விழாத நாளிலும் தேடிப் போய்க் குடித்தேன். குடிக்கிறேன் என்று சொல்லி அடித்தான். ஊரும் அவன் பக்கம்தான் பேசியது.

மண்டை உடைந்து ரத்தம் காய்ந்த தலையோடு நான் மில்லுக்கு வந்த அன்று நீ, மேஸ்திரி கத்தக் கத்த என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் பஸ் ஏற்றினாய். பெண்களுக்கு உதவுகிற இடத்தில் இருந்த அம்மா நல்ல மாதிரிதான். காயத்துக்குக் கட்டுப் போட ஏற்பாடு செய்தார், டீ வாங்கிக் கொடுத்தார், கேஸ் கொடுக்கலாம் என்றார். பிறகு என் வாய் வாடையைக் கவனித்தார்.

“தங்கறதுக்கு இடம் இருக்குதும்மா. ஆனா குடிக்கிறவங்கள அங்க சேத்துக்க மாட்டாங்க. மொதல்ல அத நிறுத்திட்டு வா.”

நிறுத்துவதற்காக அவர் சொன்ன குடி மறுவாழ்வு இல்லத்துக்குப் போனோம். வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கூட இருக்க வூட்டு ஆளு ஓணும். வூட்டுக்காரர கூட்டினு வா” என்றார்.

“அடிச்சவனயே கூட்டினு வந்து காவலுக்கு வெக்கணுமா சாமி?” என்று கேட்டாய். “நான் கூட இருக்கேன். இவ என் தங்கச்சிதான்.”

அந்த வார்த்தையில்தான் எனக்கு ஒரு கட்டில் கிடைத்தது. பின்பக்கம், சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு கட்டில், ஒன்று காலி. நீ தரையில் பாய் விரித்தாய். எனக்கு மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் நீ தலையைப் பிடித்துக்கொண்டாய்.

மறுநாள் காலையில் கஞ்சி வந்தது. டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். அப்படியும் கஞ்சி மடியில் சிந்தியது. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாய்.

“குளுருதுடி” என்றாய்.

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உன் நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிர் எனக்குத் தெரியாதா அக்கா? குடிக்காத காலைகளில் நானும் அதே குளிரை என் மாமியாரிடம் சொன்னவள்தானே.

“அப்போ பல்லு வலின்னது பொய்யா?”

“பொய் இல்லடி. ரெண்டு பல்லு எங்க வூட்டு ஆளு குத்துனதுல போச்சு. வலிக்கு சாராயம் குடிச்சேன். வாடைக்கு லவங்கம் போட்டேன்.”

“சிஸ்டர கூப்புடறேன் இரு.”

“வாய மூடுடி. நானும் கட்டில்ல படுத்துட்டா உனக்கு கூட யாரு? ரெண்டு பேரயும் வெளிய தள்ளிடுவாங்க.” என் தொடையைக் கிள்ளினாய். கிள்ளக்கூட உன் விரலில் பலம் இல்லை.

நீ செத்துப் போய்விடுவாய் என்று பயமாக இருந்தது. கத்திக் கூப்பிட்டேன். சிஸ்டர் ஓடி வந்தார். முந்தானையை விலக்கி உன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, தொணைக்கு வந்தவங்களா நீங்க? ரெண்டு பேருமே பேஷண்டுன்னா கூட யாரும்மா இருப்பாங்க?”

உனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் வாய் குறையவில்லை. “அவளுக்கு நானு. எனக்கு அவ. இன்னும் இன்னா ஓணும்?”

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். காலிக் கட்டிலில் துப்பட்டி விரித்து உன்னைப் படுக்க வைத்தார். என் தலையைப் பிடித்தவளின் தலையை அன்றைக்கு நான் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் என்னை நம்பி ஒருத்தி படுத்தது அந்தக் கட்டிலில்தான்.

குடியை விட்ட பிறகும் நீ லவங்கத்தை விடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்தாய். “வாய் கேக்கறப்போ ஒண்ணக் கடி. அந்தக் காரம் அடங்கறதுக்குள்ள ஆசையும் அடங்கிரும்” என்பாய்.

அதற்குப் பிறகு, பெண்களுக்கு உதவுகிற இடத்து அம்மாவே நம் இரண்டு பேருக்கும் தங்க இடம் பார்த்துக் கொடுத்தார். எனக்கு இங்கே வேலை கிடைத்தது. நீ மகளுடைய பிரசவத்துக்கென்று ஊருக்குப் போனாய். போன இடத்தில் மஞ்சள் காமாலை என்று படுத்தாய். மறுபடி குடித்துத்தான் செத்தாள் என்று ஊரில் பேசினார்கள். நான் நம்பவில்லை. ஈரல் முன்னமே கெட்டுவிட்டது என்று அந்த இல்லத்திலேயே டாக்டர் சொன்னபோது நான் உன் பக்கத்தில்தானே நின்றிருந்தேன்.

சாவு வீட்டில் மேளக்காரர்களுக்கும் குழி வெட்டினவர்களுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரன் குடித்துவிட்டு எல்லாரையும்விட சத்தமாக அழுதான். அவனுடைய அத்தை ஒருத்தி என்னிடம் டம்ளரை நீட்டினாள்.

“அழுது அழுது தொண்ட காஞ்சிருக்கும். ஒரு வாய் குடிம்மா. அவளுக்காகக் குடி.”

வாங்கிவிட்டேன் அக்கா. கையில் வைத்திருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியது. வேண்டாம் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. சொல்லக்கூடிய ஒருத்திக்குக் கோடித் துணி போர்த்தியிருந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டியபோது அவிழ்த்த பழைய புடவை சுவர் ஓரமாகச் சுருண்டு கிடந்தது. முந்தானையில் முடிச்சு அப்படியே இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதை அவிழ்த்தேன். கைநிறைய லவங்கம். ஒன்றைக் கடித்தேன். காரம் அடங்கியதும் இன்னொன்றைக் கடித்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் கடித்துக்கொண்டே இருந்தேன். வாயெல்லாம் மரத்துப் போனது.

நேற்று அந்த சிஸ்டர் போன் செய்தார். மலையிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கி வந்திருக்கிறாளாம். கை வீங்கியிருக்கிறதாம், குடியும் இருக்கிறதாம். கூட இருக்க ஆள் யாருமில்லை. “நீ வர்றியாம்மா?” என்று கேட்டார். ஓட்டலில் லீவு சொல்லிவிட்டேன், நாளைக்குக் கிளம்புகிறேன். உன் லவங்கம் தீர்ந்துவிட்டது. கடையில் வாங்கி என் முந்தானையில் முடிந்திருக்கிறேன்.

கூட யாரு என்று அங்கே கேட்டால், அவளுக்கு நான் என்று சொல்லிவிடுவேன். உனக்கு யாரு என்று என்னை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் உன்னைத்தான் சொல்வேன். செத்தவங்கள சொல்லக் கூடாதும்மா என்பார்கள்.

சொல்லட்டும்.