நீங்கள் வாபஸ் வாங்கிய வழக்கு

கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுகிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. மாவட்டத்தின் பேரோடு ஒட்டியிருந்த தலைவர் பேரை எடுத்துவிட்டு மறுபடி வெறும் திருநெல்வேலி என்று ஆக்கிவிட்டார்கள். நீங்கள் அச்சடித்து வைத்த எம்.எல்.ஏ. லெட்டர்பேடு இரண்டு கட்டு இனி யாருக்கும் ஆகாது. அம்மா அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதுகிறாள். எனக்குக் காலையில் கோர்ட், மாலையில் வீடு நிறைய நம் கட்சி ஆட்கள். களைப்பாக இருக்கிறது அப்பா. தூங்கி எழுந்தாலும் போகமாட்டேன் என்கிறது.

இடைத்தேர்தலில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். உங்கள் படமும் பக்கத்தில் நான் கைகூப்பி நிற்பதுமாகச் சுவரொட்டிகூடத் தயாராம். மாவட்டச் செயலாளர் அண்ணாச்சி அம்மாவிடம், "பாப்பா ஒண்ணும் பேசவே வேண்டாம் மதினி. மேடையில வந்து அழுதா போதும்" என்றார். அழுகையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ந்துபோனது அவருக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் கார் கிளம்பும்வரை வாசலில் காத்திருந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். முக்கூடலில் பீடி சுற்றுகிற பேச்சியம்மாள். ஓட்டுப்பதிவு அன்று சாவடிக்கு வெளியே நம் கட்சி ஆட்கள் வெட்டி வலது கை போனதே, அந்தச் சுடலைமுத்துவின் மனைவி. நம் ஆட்சி வந்து நீங்கள் அரசு வழக்கறிஞர் ஆனதும் முதலில் வாபஸ் வாங்கியது அந்த வழக்கைத்தான். பொதுநலன் கருதி என்று ஒரே பக்க மனு. பிறகு நீங்கள் சீட்டு கேட்டபோது தலைமை அதை மறக்கவில்லை.

வழக்கே இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை அப்பா. வெட்டியவர்கள் ஊருக்குள் நடமாடுவதை ஜாமீன் என்றே நினைத்திருக்கிறார்கள். சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று அந்த மனுஷன் ஏழு வருஷமாக ஒரு வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாராம். போன வாரம்தான் கோர்ட் குமாஸ்தா ஒருவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

அவள் சாபம் விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யம்மா, அய்யா அத படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டாவளா? இல்ல, எவனோ நீட்டுன தாள்ல போட்டுட்டாவளா?"

திங்கள்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வக்கீல் புத்தி. பதில் எனக்குத் தெரியாதா என்ன? அந்த மனுவை டைப் அடித்ததே நான்தானே. நீங்கள் மூன்று தரம் படித்தீர்கள். ஒரு கமாவைக்கூடத் திருத்தினீர்கள். "இது தப்பு, பாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?

அந்த வாபஸை எதிர்த்து ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போட்டுப் பார்க்கலாம். காலம் கடந்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். இந்த மாதிரி மனுக்களில் எல்லாரும் எழுதுகிற வரி ஒன்று உண்டு, நீங்கள் அறியாததல்ல: அரசு வழக்கறிஞர் மனதைச் செலுத்தாமல் வாபஸ் வாங்கிவிட்டார். அப்படி எழுதினால் உங்கள் பேருக்கும் பெரிய சேதமில்லை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நீங்கள் மனதைச் செலுத்தித்தான் செய்தீர்கள்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நீங்கள் இல்லாதது அதைவிட அதிகமாக வலிக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறதில்தான் இந்த அசதி.

வேறு ஆளைப் பாருங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. திங்கள்கிழமை பேச்சியம்மாளிடம் உள்ளதைச் சொல்வேன். வழக்கை நடத்த நல்ல வக்கீல் ஒருவரைப் பிடித்துக் கொடுப்பேன். நான் அதில் வக்கீலாக நிற்க முடியாது. இந்தக் கையெழுத்து என் அப்பாவுடையது, தப்பு என்று தெரிந்துதான் போட்டார், டைப் அடித்தவள் நான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, அதன் அடியில் என் கையெழுத்தைப் போடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்