தங்க மண்

மே 18, ஞாயிறு இரவு

கோலார் தங்கச் சுரங்கத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். சுரங்கம் மூடிக் கிடந்தது. வெளியே கொட்டிய மண் மலை மலையாய்க் குவிந்திருந்தது. தங்கம் பிரிக்கச் சயனைடு கலந்த மண் அது என்று காரிலேயே படித்துச் சொல்லியிருந்தேன்.

கொழுந்தன் பாப்பாவிடம், "தங்க மண்ணு குட்டி, ஒரு வாய் துன்னு, தங்கமா வளருவ" என்று சிரித்தான். என் மகள், மூன்று வயதுக் குழந்தை. தின்றுவிட்டாள்.

அவளைத் தரையில் சாய்த்துத் தொண்டைக்குள் விரலை விட்டுத் தோண்டினேன். கடித்தாள். மறுபடி விட்டேன். நகம் கீறி ரத்தம் வந்தது. "வுடுடி, கொழந்தைய கொன்னுடுவ போலக்குது!" என்று இவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். தண்ணீர் பாட்டிலால் அவர் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்தது. "படிச்ச திமிரு, பாத்தியாண்ணா?" என்றான் கொழுந்தன்.

வழியில் பாப்பாவைக் காட்டிய டாக்டர், "மண்ணு கொஞ்சம்தான் போயிருக்கு, ராத்திரி மூச்சை மட்டும் பாத்துக்கோங்க. தொண்டையில இந்தக் காயம் யார் செஞ்சது?" என்றார்.

ஆரணி வீட்டுக்கு வந்ததும் இவர் கூடத்தில் படுத்துவிட்டார். பாப்பா மூச்சு சீராக இருக்கிறதா என்று இப்போது மூக்கருகே விரலை வைத்தேன். தூக்கத்திலேயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.