கடன் மாடும் அதன் கன்றும்

சௌ. சந்திரவதிக்கு,

கண் பரிசோதனைக்காக விழுப்புரம் செல்கிறேன். நீ அயர்ந்து உறங்கியமையால் எழுப்பவில்லை. கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் மூடி வைத்துள்ளேன்.

மகளிர் குழுக் கடனில் உனக்கு வாங்கும் மாட்டைத் தரகர் துரைக்கண்ணு இன்று ஓட்டி வருவார். என் மகன் குணபத்திரன் மல்லாட்டைக் கடலை விற்கத் திண்டிவனம் சென்றிருக்கும் நாளாகப் பார்த்து அவர் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. "கன்னு போட்டு பத்து நாளுதாம்மா ஆவுது, ஜல்தியா கையெழுத்து போட்டுக் குடுங்க" என்று அவர் அவசரப்படுத்துவதும் அவ்வாறே. பால் வற்றிய மாட்டுடன் இரவல் கன்றைச் சேர்த்து ஓட்டி வந்து விற்பவர்கள் உண்டு. ஆதலால், முதலில் கன்றை அவிழ்த்துவிடு. மாடு அதனை நக்கிக் கொடுத்துப் பாலூட்டினால் கையெழுத்திடு. உதைத்தால் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடு. மாடு கறக்காவிட்டாலும் கடன் உன் பெயரில்தான் நிற்கும். குழுவின் மற்றப் பெண்களும் உன்னைப் பார்த்தே கையெழுத்திடுவர்.

"யாரைப் பாத்தாலும் திருடன்னே நெனச்சிக்கினு இருக்கீங்க அத்தே, என்னையும் சேத்து" என்று நேற்றுக் கூறினாய். கடன் வேண்டாமென நான் தடுத்தது மெய். உன்னை ஒருபோதும் ஐயுற்றதில்லை.

இங்ஙனம்,
ராஜமதி

பி.கு.: துரைக்கண்ணுவுக்கு மோர் கொடு. பேச்சுக் கொடுக்காதே.

மேலும் ஒன்று: பரண்மேல் புதுக் கயிறுகள் இரண்டு உள்ளன. சிறியது கன்றுக்கு. சென்ற வாரமே வாங்கிவிட்டேன்.