வெள்ளை உறை

டிசம்பர் 8

அன்புள்ள உளவாளிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மா விஷயத்தில் நலம் என்ற சொல்லை இப்போது கொஞ்சம் சுருக்கி வைத்திருக்கிறேன். சாப்பிட்டாள், தூங்கினாள், யாரையும் கிள்ளவில்லை என்றால் நலம்.

வருஷக் கடைசி வந்துவிட்டது. என்னுடைய பத்து ஆல்பம் எங்கே என்று கேட்பாய். இந்த முறை மூன்றுதான் தேறியது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தாண்டாமல், நடுவில் எழாமல் கேட்டால்தான் கணக்கில் சேரும் என்று சட்டம் போட்டவளே நான்தான். கட்டிலுக்கடியில் படுத்து வீட்டுச் சண்டையையெல்லாம் டேப்பில் பிடித்துக்கொண்டிருந்த உன்னை வேறு எப்படி அடக்குவது? இப்போது அந்தச் சட்டத்தில் நானே மாட்டிக்கொண்டேன். இரண்டாவது பாட்டு தொடங்கும்போது அம்மா வாசல் கதவைத் திறந்திருப்பாள். வேலையிடத்திலும் வழியில்லை. பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும்போது காதில் எதையும் மாட்டக்கூடாது என்று முதலாளி புது உத்தரவு போட்டிருக்கிறார். நான் செய்துகொடுத்த பல்லை வைத்துக்கொண்டே என்னைத் திட்டுகிறார்.

என் முதலிடம், தண்ணீரில்லாத நீச்சல் குளத்துக்குள் உட்கார்ந்து வயலின் வாசித்த அந்தப் பெண். மற்ற இரண்டும் தனித்தாளில் இருக்கின்றன. உன் புது ஆல்பத்தையும் கேட்டேன். சேர்க்கவில்லை. தம்பி என்பதற்காக இடம் கொடுத்தால் நான் என்ன நீதிபதி? துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கிறது. உள்ளே ஒன்றும் வேகவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அம்மாவுக்கு என் பெயர் இப்போது வருவதில்லை. கதவைத் தட்டினால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்னும் வேலை பார்ப்பவள் போல, “ஹலோ, யார் பேசணும்?” என்கிறாள். ஆனால் சாயங்காலம் என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை வாருகிறாள். அப்போது அந்தப் பழைய மெட்டு, சின்ன வயதில் எனக்குச் சடை போடும்போது அவளாகக் கட்டி முனகுவாளே, வார்த்தையே இல்லாமல், அது பிசகாமல் வருகிறது. நீ கேட்டிருக்க வேண்டும்.

உன்
நீதிபதி அக்கா

---

ஜனவரி 2

அன்புள்ள நீதிபதி அவர்களுக்கு,

தீர்ப்பு கிடைத்தது. தண்டனையை ஏற்றுக்கொண்டேன். மூன்று ஆல்பம் போட்டும் என்னுடையது அதில் இல்லை பார், அங்கேதான் நீ நிற்கிறாய்!

என் பத்து இதோடு இருக்கிறது. முதலிடம் பிடித்ததன் சிடியை வழக்கம்போல வெள்ளை உறையில் வைத்திருக்கிறேன். பெயர் கிடையாது, படம் கிடையாது. கடைசிவரை கேட்டுவிட்டு யாரென்று சொல். போன வருஷம் நீ தோற்றதை மறக்கவில்லை.

அக்கா, ஒரு உதவி. அம்மாவின் அந்த மெட்டைப் பதிவு செய்து அனுப்பேன். போனை அலமாரியில் வைத்துவிட்டு உன் பாட்டுக்கு வேலையைப் பார். ‘இப்போ பாடும்மா’ என்று சொன்னால் வராது, தெரியும். அவசரப்பட்டு நிறுத்தவும் வேண்டாம். பாத்திரச் சத்தம், குழாய்ச் சத்தம் எல்லாம் வரட்டும். எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசிவரை கேட்பேன், அது நீ கற்றுக்கொடுத்த பழக்கம். இங்கே என் அறை நாலு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்தது. வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது. உங்கள் சத்தமாவது வரட்டும்.

மே மாதம் கட்டாயம் வருகிறேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கதவைச் சாத்திக்கொண்டு ஆல்பமாகக் கேட்டுத் தள்ளு.

உன்
உளவாளி

---

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

மே வந்தது, போயிற்று. நீ வரவில்லை. வேலை என்று சொன்னாய், சரி. நானும் வேலைக்குத்தான் போகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வரை மனசை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். இதைக் குறையாக எழுதவில்லை. குறைதான், இருந்தாலும் கோபமில்லை.

பதிவுகள் எல்லாம் வந்திருக்கும். போனில் இடமில்லாததால் உனக்கு அனுப்பியதும் இங்கே அழித்துவிடுகிறேன். திரும்பக் கேட்க எனக்கெங்கே நேரம்? நீ பத்திரமாக வைத்திருப்பாய் என்ற தைரியம்தான்.

அம்மா இப்போது குழாயைத் திறந்தால் மூடுவதில்லை. போன மாதம் ஒருநாள் சாயங்காலம், அவள் எனக்குத் தலை வாரி முடித்ததும் துணி எடுக்க மாடிக்குப் போய் வந்தால் கூடம் முழுக்கத் தண்ணீர், நடுவில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அன்று நான் நல்லவளாக நடந்துகொள்ளவில்லை. அதை எழுத வேண்டாம். நேரில் வரும்போது சொல்கிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும்.

எப்போது வருகிறாய்?

அக்கா

---

நவம்பர் 29

அன்பு அக்கா,

இந்த வருஷம் பட்டியலே இல்லை. ஒன்றே ஒன்றுதான். வெள்ளை உறையில் இருக்கிறது. யாரிடமும் விசாரிக்காதே, எதையும் படிக்காதே. உன் சட்டப்படி முதலிலிருந்து கடைசிவரை கேள். கேட்டபின் உன் பட்டியலில் இது எந்த இடம் என்று மட்டும் எழுது. இரண்டு பத்திரிகைகள் இந்த வருஷத்தின் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று எழுதிவிட்டன. எனக்கு வேண்டியது உன் தீர்ப்புதான்.

வர முடியாமல் போனதற்குக் காரணத்தை உன் தீர்ப்பு வந்தபின் சொல்கிறேன்.

ஆவலுடன்,
உளவாளி

---

டிசம்பர் 15

தம்பிக்கு,

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவைத் தாழ்போட்டுவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன்.

முதல் பாட்டில் ஒரு குழாய் சொட்டுகிறது. அதற்குமேல் மெல்ல ஒரு செல்லோ. இரண்டாவதில் ஒரு கதவுச் சங்கிலி. நம் வீட்டைப் போலவே ஒரு வீட்டில் உட்கார்ந்து யாரோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நமக்கு மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் இருந்தேனே, இன்னொரு வீடும் உண்டு என்று ஆறுதலாக இருந்தது. நான்காவது பாட்டு முடியும்போது தாளை எடுத்து முதலிடம் என்று எழுதியும்விட்டேன்.

ஐந்தாவதில் அம்மாவின் மெட்டு வந்தது. அப்போதுதான் அது நீ என்று தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷத்தில் அழுதேன். அம்மா தன் குரலோடு தானே சேர்ந்து முனகினாள். இரண்டு அம்மாக்கள். இப்படி ஒன்றைச் செய்ய என் தம்பியால் முடிந்ததே என்று நெஞ்சு நிறைந்தது.

அப்புறம், பாதி மெட்டின் மேலேயே, என் குரல் வந்தது.

“தண்ணி, தண்ணி, வீடு முழுக்கத் தண்ணி. உன்னக் கட்டிக்கிட்டு அழுது என் உயிரு போகுது. போய்த் தொலையேன். நீ போனாத்தான் நான் மனுஷியா இருப்பேன்.”

போனை நிறுத்த மறந்திருக்கிறேன். கேட்காமலே உனக்கு அனுப்பியிருக்கிறேன். அது என் தப்பு. ஆனால் ‘போய்த் தொலையேன்’ என்பதை மட்டும் பிய்த்தெடுத்து, குகைக்குள் கத்துவது போலத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டது நீ. அது அழகாகவும் இருக்கிறது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா முனகுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு அந்தப் பொம்பளை? பாவம், யாரையோ அழ வைக்கிறா. லைனைக் கட் பண்ணிடவா?” என்று கேட்டாள்.

சட்டம் சட்டம்தான் என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். கடைசிவரை கேட்டேன். அவளையும் கேட்க வைத்தேன்.

ஒன்றைத்தான் கேட்கிறேன். அந்தப் பதிவு மே மாதமே உன் கைக்கு வந்தது. கடைசிவரை கேட்கிற ஆள் நீ. உன் அக்கா அம்மாவைப் பார்த்து அப்படிக் கத்துவதைக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாய். ஒரு போன் செய்து ‘என்னக்கா ஆச்சு’ என்று கேட்கத் தோன்றவில்லையா? சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்றுதான் தோன்றியதா?

ஊரெல்லாம் அதைக் கேட்கட்டும், அது போகட்டும். அம்மாவின் பழைய பதிவுகளை, நான் அனுப்பியபடியே, எனக்குத் திருப்பி அனுப்பு. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அக்கா

---

டிசம்பர் 30

அன்புள்ள அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னை நோகடிக்க நினைக்கவில்லை. உன் குரல்தான் அந்த ஆல்பத்துக்கு உயிர். கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தாயைப் பார்த்துக்கொள்கிற எத்தனையோ பேர், ‘எங்கள் மனசில் இருப்பதை யாரோ சொல்லிவிட்டார்கள்’ என்று எழுதுகிறார்கள். யாரும் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை. அது யார் என்றே அவர்களுக்குத் தெரியாது.

போன் செய்யாதது தப்புதான். கேட்டதும் பயந்துவிட்டேன். அடுத்த விமானத்தில் வரவேண்டும் என்று தோன்றியது. வந்தால் திரும்பிப் போக விடமாட்டாயோ என்றும் தோன்றியது. இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். இத்தனை வருஷமாக நான் செய்த எதையாவது நீ ஒரு தடவை உன் பட்டியலில் சேர்த்திருக்கிறாயா? உள்ளே ஒன்றும் வேகவில்லை என்றாய். வேகிற ஒன்றைச் செய்தால், சுடுகிறது என்கிறாய்.

பதிவுகள் விஷயம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆல்பம் முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிடுவது என் பழக்கம். வைத்திருந்தால் திரும்பத் திரும்ப நோண்டிக்கொண்டே இருப்பேன், எதையும் முடிக்க மாட்டேன். உன்னிடமும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். நீ ஜூன் மாதமே எழுதியிருந்தாய், நான் சரியாகப் படிக்கவில்லை. மற்ற பாட்டுகளில் அம்மாவின் குரலைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறேன். மெட்டு முழுசாக இருப்பது ஐந்தாவதில் மட்டும்தான். உன் குரலை அதிலிருந்து பிரிக்கப் பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, பிரியவில்லை.

அம்மாவை இன்னொரு முறை பதிவு செய்யேன். இந்தத் தடவை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

உன்
உளவாளி

---

மார்ச் 3

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாவைப் பதிவு செய்யச் சொன்னாயே, அதற்காக எழுதுகிறேன்.

சீப்பு எதற்கு என்பது அம்மாவுக்கு மறந்துவிட்டது. கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இப்போது நான்தான் அவளுக்குத் தலை வாருகிறேன். மெட்டு போய்விட்டது. நான் முனகிக் காட்டினேன், யாரோ முனகுகிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். தினமும் போனை அலமாரியில் வைத்தேன். சீப்புச் சத்தம் தவிர ஒன்றும் விழவில்லை.

உன் குற்றச்சாட்டைப் படித்தேன். உனக்கு நான் இடம் கொடுத்ததில்லை என்பது உண்மை. இப்போது கொடுத்திருக்கிறேன். முதலிடம் என்று எழுதிய தாள் இதனுடன் இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை. வருஷத்தின் சிறந்த ஆல்பம் அதுதான், நீதிபதி சொல்கிறேன், வைத்துக்கொள். அதோடு என் பதவியும் முடிந்தது.

அம்மாவின் மெட்டு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே இடம் உன்னுடைய அந்த ஐந்தாவது பாட்டு. வேறு வழியில்லாமல் தினமும் சாயங்காலம் அதைப் போடுகிறேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். சில நாள் அவள் விரல், என் முழங்காலில், சடை பின்னுவது போல அசைகிறது. என் குரல் எந்த இடத்தில் வரும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். அதற்கு ஒரு மூச்சு முன்னால் எழுந்து நிறுத்திவிடுகிறேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டும். அவள் கேட்டாளே, லைனைக் கட் பண்ணிடவா என்று. கட் பண்ணிவிடுகிறேன்.

இனிமேல் வெள்ளை உறை அனுப்பாதே. கடைசிவரை கேட்கிற ஆள் இந்த வீட்டில் யாரும் இல்லை.

இப்படிக்கு,
அந்தப் பொம்பளை